சிப்பிக் குலம் தழைக்க

தேயிலை மலையில் வாழும் நமக்கு ஒரு காட்சி பழகிப் போனது. பழைய விதைத் தேயிலைக் காட்டில் இறங்கிப் பார்த்தால், அருகருகே நிற்கும் இரண்டு செடிகள் ஒன்றுபோல் இரா. ஒன்றின் இலை கரும்பச்சை. மற்றதன் இலை வெளிர்பச்சை. ஒன்று மழை விழுந்த மறுவாரமே கொழுந்து விடும். மற்றது சோம்பிக் கிடந்து பின்னர் துளிர்க்கும். புதிதாக நட்ட குளோன் காட்டிலோ, பள்ளிப் பிள்ளைகள் சீருடை தரித்து வரிசையில் நிற்பது போல ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே வேளையில் கொழுந்து. பறிக்கும் பெண்மணிகளைக் கேட்டால் குளோன் காடே மேல் என்பர். கை ஓடும், எடை கூடும்.

ஆயின், எல்லா ஆண்டும் ஒரே விதமாகக் கழிவதில்லை. மழை பொய்த்த கோடையிலும், மூடுபனியோடு கொப்புள நோய் பரவும் பருவத்திலும், விதைத் தேயிலைக் காட்டில் ஒரு செடி வாடினாலும் அடுத்த செடி நிற்பதுண்டு. ஒரே தாய்ச்செடியின் கிளைகளை வெட்டி நட்டு உண்டாக்கிய காட்டில், ஒன்றுக்குப் பொருந்தாத துன்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒன்று தாங்கினால் எல்லாம் தாங்கும், ஒன்று வீழ்ந்தால் எல்லாம் வீழும்.

இதே கேள்வியைத்தான் இன்று கடல் விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது தேயிலையைப் பற்றி அன்று, சிப்பியைப் பற்றி. நல்ல சிப்பியைத் தேர்ந்தெடுத்து, அதன் சந்ததியையே மேலும் மேலும் வளர்த்துக்கொண்டு போனால், விளைச்சல் பெருகும் அதே வேளையில் அக்குலத்தின் உள்வலிமை குன்றுகிறதா என்பதே கேள்வி.

மலைமேல் இருக்கும் நமக்கும் கடலடியில் கிடக்கும் சிப்பிக்கும் என்ன உறவு என வாசகர்கள் வினவலாம். உறவு இரண்டு உண்டு. நம் குடும்பங்களில் பலவற்றின் பூர்வீகம் பழைய திருநெல்வேலிச் சீமை. முத்துச் சிப்பிக்குப் பெயர்போன தூத்துக்குடிக் கடல் நம் பாட்டன்மார் பிறந்த மண்ணின் கடல். இஃது ஓர் உறவு. மற்றோர் உறவு நம் ஆறு. பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டு முதல் மின்சார யந்திரங்களைச் சுழற்றிவரும் முதிரப்புழை நீர், கீழிறங்கிப் பெரியாற்றில் கலக்கிறது. பெரியாறு ஆலுவாயில் இரண்டாகப் பிரிய, அதன் மங்கலப்புழைக் கிளை வடமேற்கே சென்று முனம்பத்தருகே கடலை அடைகிறது. அக்கழிமுகப் பகுதியில் மூத்தகுன்னத்தை அடுத்த சத்தார் தீவில் உண்ணும் சிப்பி வளர்க்கிறார்கள். நம் மலையில் பெய்த மழையின் ஒரு பங்கு அச்சிப்பிகளைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது.

சிப்பி என்னும் உயிர்

சிப்பியின் வாழ்க்கை விசித்திரமானது. இரண்டு ஓடுகளில் ஒன்றைப் பாறையிலோ பிற சிப்பியின் மேலோ ஒட்டிக்கொண்டு, ஆயுள் முழுவதும் உண்ணும் சிப்பி ஓரிடத்திலேயே கிடக்கும். வெயில் என்று நிழலுக்கு ஒதுங்க அதனால் ஆகாது. நோய் வந்தது என்று வேறூர் போக இயலாது. நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடித்து உண்டு, நீரை வெளியே விடுவதே அதன் தொழில். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து உப்புக் குறைந்தால், ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாட்களைக் கடத்தும். நன்னீர் அளவுக்கு மீறி நீடித்தால் மடியும்.

இவ்வாறு ஓடிப் பிழைக்க வழியில்லாத உயிருக்கு இயற்கை வேறொரு காப்பை அளித்துள்ளது. அஃது எண்ணிக்கையும் வேற்றுமையும் ஆகும். பசிபிக் சிப்பியின் ஒரு பெண், ஒரு முறையில் கோடிக்கணக்கில் முட்டை இடக்கூடும். முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய குஞ்சுகள் இரண்டு, மூன்று வாரங்கள் நீரில் நீந்தித் திரிந்து, பின்னர் ஓர் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் பெரும்பாலானவை இறந்துவிடும். லட்சத்தில் ஒன்று பிழைத்தால் மிகுதி. எந்தத் தாயின் பிள்ளைகள் பிழைக்கும் என்பது அன்றைய நீரோட்டத்தையும், வெப்பத்தையும், உணவையும் பொறுத்தது. அமெரிக்க விஞ்ஞானி டெனிஸ் ஹெட்ஜ்காக் இதனை ஒரு குலுக்கல் பரிசுக்கு ஒப்பிட்டார். கேரளத்தில் லாட்டரிச் சீட்டு வாங்கியறிந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. வாங்குவோர் லட்சம் பேர். பரிசு பெறுவோர் சிலர்.

ஆகவே ஒவ்வொரு சிப்பியும் மற்றதினின்று உள்ளமைப்பில் வெகுவாக மாறுபட்டிருக்கும். 2012ஆம் ஆண்டில் பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்து வெளியிட்டபோது, விஞ்ஞானிகள் சாதாரணச் சிப்பியை எடுத்துக்கொள்ளவில்லை. தாயிடமிருந்து வந்த கூறும் தந்தையிடமிருந்து வந்த கூறும் ஒரே உடலில் அவ்வளவு வேறுபட்டுக் கிடந்தமையால் அவற்றைக் கோத்துப் படிப்பது கடினமாயிற்று. எனவே நான்கு தலைமுறை உடன்பிறப்புகளையே சேர்த்து வளர்த்து, வேற்றுமையை வேண்டுமென்றே குறைத்த ஒரு சிப்பியை எடுத்துக்கொண்டனர். சிப்பிக் குலத்தின் வேற்றுமைச் செல்வம் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தேர்ந்தெடுக்கும் கலை

நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைப்பது உழவன் அறிந்த பழங்கலை. சிப்பி வளர்ப்போரும் அதனையே செய்கின்றனர். விரைந்து வளர்ந்தவை, தசை நிறைந்தவை, நோயினின்று தப்பியவை ஆகியவற்றைப் பொறுக்கித் தொட்டியில் இட்டு, நீரின் வெப்பத்தைச் சிறிது உயர்த்தினால் அவை முட்டையும் விந்தும் வெளிவிடும். குஞ்சுகளுக்கு நுண்பாசி ஊட்டி வளர்த்து, ஒட்டும் பருவம் வந்ததும் பழைய ஓடுகளை இட்டால் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். இதுவே பொரிப்பகத்தின் வேலை.

பயன் கண்கூடு. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பாறைச் சிப்பி சந்தைக்கு வர ஏறத்தாழ மூன்றரை ஆண்டு பிடிக்கும். 1990ஆம் ஆண்டில் போர்ட் ஸ்டீபன்சில் அரசாங்க ஆராய்ச்சியாளர் தேர்வு வளர்ப்பைத் தொடங்கினர். சில தலைமுறைகளிலேயே அக்காலம் ஏறத்தாழ ஓராண்டு குறைந்தது. சிப்பி வளர்ப்பவனுக்கு ஓராண்டு என்பது ஓராண்டுச் செலவு மட்டுமன்று; ஓராண்டு வெள்ளம், ஓராண்டு நோய், ஓராண்டுக் கடன் வட்டி ஆகிய யாவும் ஆகும்.

ஆகவே தேர்வு வளர்ப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தேர்வு வேறு, குறுக்கம் வேறு. நல்லதைத் தேர்வதில் தீங்கில்லை. மிகச் சிலவற்றையே தேர்வதில்தான் தீங்கு ஒளிந்திருக்கிறது.

ஏட்டில் உள்ளவரும் சந்தா கட்டுவோரும்

பொரிப்பகத்தில் நூறு சிப்பிகளைத் தாய் தந்தையாகத் தொட்டியில் இட்டதாகக் கொள்வோம். நூறு பெற்றோரின் வேற்றுமையும் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிட்டது என நினைத்தால் ஏமாந்து போவோம். ஒரு பெண் கோடி முட்டை இடும். மற்றொன்று ஒன்றும் இடாது. ஓர் ஆணின் விந்து முந்திக்கொள்ளும், பிந்தியவை வீணாகும். சில தாய்களின் குஞ்சுகள் தொட்டி நீருக்குப் பொருந்திப் பிழைக்கும். பிறவற்றின் குஞ்சுகள் மடியும். அன்றியும் வேகமாக வளராத குஞ்சுகளைச் சலித்து நீக்குவதும் வழக்கம். முடிவில் பார்த்தால், பிழைத்த லட்சக்கணக்கான குஞ்சுகளும் ஒரு சில பெற்றோரின் பிள்ளைகளாகவே இருக்கும்.

நம் சங்கத்தின் அங்கத்தினர் ஏட்டை இதற்கு எடுத்துக்காட்டலாம். ஏட்டில் நூறு பெயர் இருக்கும்; சந்தா கட்டுவோர் ஒன்பது பேராக இருக்கலாம். சங்கம் எத்தனை பேரால் நடக்கிறது என்று பொருளாளரைக் கேட்டால் அவர் எந்த எண்ணைக் கூறுவார் என்பது நமக்குத் தெரியும். விஞ்ஞானிகளும் அவ்வாறே தொட்டியில் இட்ட எண்ணை விட்டுவிட்டு, பயன் தந்த பெற்றோரின் எண்ணையே கணக்கில் கொள்கின்றனர்.

1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பொரிப்பகத்தில் வளர்ந்த இரண்டு பசிபிக் சிப்பி வம்சங்களைச் சோதித்தது. ஒன்றில் பயன் தந்த பெற்றோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 40; மற்றதில் ஏறத்தாழ 9. கண்ணுக்குத் தெரிந்ததோ கடல்போல் பெருகிய சிப்பிக் கூட்டம்!

இவ்வெண்களின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் குலத்தின் வேற்றுமைச் செல்வத்தில், பயன் தரும் பெற்றோரின் இருமடங்கில் ஒரு பங்கு கரைகிறது என்பது விதி. பெற்றோர் 9 எனில் 18இல் ஒரு பங்கு. இவ்வாறே பத்துத் தலைமுறை சென்றால் நூற்றுக்கு 44 பங்கு போய்விடும். பெற்றோர் 40 எனில் அதே பத்துத் தலைமுறையில் நூற்றுக்கு 12 பங்கே போகும். 100 எனில் 5 பங்கு. சிப்பிக்குத் தலைமுறை ஒன்றுக்கு இரண்டு ஆண்டு எனக் கொண்டால், பத்துத் தலைமுறை என்பது இருபது ஆண்டு. ஒரு தகப்பன் தோணியை மகனிடம் ஒப்படைக்கும் காலம். அதற்குள் குலச்சொத்தில் ஏறத்தாழப் பாதி கரைந்தாலும், கரைந்தது எவர் கண்ணுக்கும் தெரியாது. சிப்பி அப்போதும் பருத்தே இருக்கும். சந்தையில் விலையும் போகும்.

முதலில் மறைவன எவை? அரிதாக இருப்பவையே. ஆயிரத்தில் ஐந்து சிப்பிகளில் மட்டும் இருக்கும் ஒரு கூறு, பொறுக்கி எடுத்த சில பெற்றோரிடம் இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி. அக்கூறு இன்று பயனற்றதாகத் தோன்றலாம். நாளை வரும் ஒரு நோய்க்கு அதுவே மருந்தாக இருந்திருக்கலாம்.

மறைந்திருக்கும் குறைகள்

இழப்பு மற்றொரு வழியாலும் வருகிறது. உறவில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று சொந்தம் விட்டுப்போகாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. குழந்தைக்கு ஏதேனும் குறை என்று மருத்துவமனைக்குச் சென்றால், “சொந்தத்தில் திருமணமா?” என்று மருத்துவர் கேட்பதும் நாம் அறிந்ததே. ஏன் கேட்கிறார்? ஒவ்வொருவர் உடலிலும் சில தீய கூறுகள் வெளித் தெரியாமல் உறங்குகின்றன. தாய்வழியும் தந்தைவழியும் அதே கூறு வந்து சேர்ந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். இருவரும் ஒரே பாட்டனின் வழியினர் ஆயின் அவ்வாறு சேர வாய்ப்பு மிகுகிறது.

சிப்பிகளிடத்தில் இத்தகைய உறங்கும் குறைகள் மிக ஏராளம். கோடிக்கணக்கில் முட்டையிடும் உயிர்களில் ஒவ்வொரு தலைமுறையும் புதிய பிழைகளைச் சுமந்து வருவது இயல்பு. பரந்த கடலில் அவை உறங்கியே கிடக்கும். உடன்பிறப்புகளையே சேர்த்து வளர்க்கும் தொட்டியிலோ அவை ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழும். குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் குறையும், வளர்ச்சி தளரும். விரைவான வளர்ச்சிக்காகத் தொடங்கிய தேர்வு, நெருங்கிய உறவினால் அவ்வளர்ச்சியையே இழக்கும்.

டெலவேர் விரிகுடா தரும் பாடம்

அமெரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள டெலவேர் விரிகுடா ஒரு காலத்தில் சிப்பியால் செழித்த கடல். 1957ஆம் ஆண்டில் எம்.எஸ்.எக்ஸ். என்னும் ஒட்டுண்ணி நோய் அங்கே புகுந்தது. இரண்டே ஆண்டுகளில் சிப்பிப் படுகைகள் பெரும்பாலும் வெற்று ஓடுகளாயின. சிப்பியை நம்பிய ஊர்கள் நொடித்தன.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெரால்ட் ஹாஸ்கின் ஓர் உண்மையைக் கவனித்தார். எல்லாம் இறந்த படுகையிலும் சில சிப்பிகள் பிழைத்துக் கிடந்தன. அவற்றை எடுத்து, 1960களின் தொடக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தார். அந்நோயைத் தாங்கும் வம்சங்கள் உருவாயின. தேர்வு வளர்ப்பின் வெற்றிக்கு இது சிறந்த சான்று. அழிவிலிருந்து மீட்டது எது? எவரும் தேர்ந்தெடுக்காமல், எவரும் பேணாமல், அக்கடலில் தானே கிடந்த வேற்றுமை.

கதை அங்கே முடியவில்லை. 1990ஆம் ஆண்டில் டெர்மோ என்னும் வேறோர் ஒட்டுண்ணி அவ்விரிகுடாவில் பரவியது. முதல் நோயை வென்ற வம்சங்களுக்கு இரண்டாம் நோயை எதிர்க்கும் ஆற்றல் தானாக வந்துவிடவில்லை. வாசலைக் காக்கக் கற்ற காவலன் கொல்லைப்புறத்தை அறியான் அன்றோ? ஆராய்ச்சியாளர் இரண்டு நோய்களையும் தாங்கும் சிப்பிகளை மீண்டும் தேட வேண்டியதாயிற்று. தேடுவதற்கு வேறுபட்ட சிப்பிகள் மிச்சம் இருந்தமையால்தான் தேட முடிந்தது.

பிரான்சு தேசத்தார் பெற்ற அனுபவம் இன்னும் கடுமையானது. அங்கே பெருவாரியாக வளர்த்து வந்த போர்த்துகீசியச் சிப்பி, 1970ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளில் நோயால் அறவே அழிந்தது. மீட்க இயலாமல், ஜப்பானிலிருந்தும் கனடாவிலிருந்தும் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்து விட்டனர். அச்சிப்பியையும் 2008ஆம் ஆண்டில் ஒரு வைரசு நோயின் புதிய வடிவம் பற்றிக்கொண்டது. இளஞ்சிப்பிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2010இல் அந்நோய் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 2016இல் தாஸ்மானியத் தீவை அடைந்தது. ஆயின் ஆஸ்திரேலியர் முன்னரே பல குடும்பங்களாகப் பிரித்து, எந்தச் சிப்பி எந்தக் குடும்பம் என்ற குறிப்போடு சிப்பிகளை வளர்த்து வந்தனர். சில குடும்பங்கள் நோய்க்கு வீழ்ந்தன, சில தாங்கின. தாங்கியவற்றைக் கொண்டு தொழிலை மீண்டும் நிறுத்த முடிந்தது. எல்லாம் ஒரே குடும்பமாக இருந்திருந்தால் தேர்ந்தெடுக்க என்ன இருந்திருக்கும்?

நம் கரைகளில்

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பண்டு கொற்கைக்குப் புகழ் சேர்த்தவை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். பின்னர் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. 1947ஆம் ஆண்டில் மண்டபத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973ஆம் ஆண்டில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். இதில் முன்னின்றவர் டாக்டர் அழகர்சாமி. 1981ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையே உற்பத்தி செய்தனர். பிற்பாடு பொரிப்பகக் குஞ்சுகளைப் பார்களில் விட்டுப் பார்க்கும் முயற்சியும் நடந்தது.

இத்தகைய முயற்சிகள் பாராட்டத்தக்கவை. அதே வேளையில் அவற்றில் கருத்தூன்ற வேண்டிய நுட்பமும் இதுவே. ஒரு சில பெற்றோரின் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கடலில் கொண்டுபோய் விட்டால், எண்ணிக்கை பெருகும். கடலில் எஞ்சியுள்ள பலதரப்பட்ட சிப்பிகளின் பங்கோ விகிதத்தில் சுருங்கிவிடலாம். குளத்தை நிரப்புவதாக எண்ணி ஒரே வாய்க்காலின் நீரை மட்டும் பாய்ச்சுவது போன்றது அது. ஆகவே கடலில் விடும் குஞ்சுகளுக்குப் பெற்றோர் பலராக இருக்க வேண்டும். அவர்களும் அந்தக் கடலைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

மலையாளத்தார் ‘கடல் முரிங்ஙா’ என அழைக்கும் உண்ணும் சிப்பியின் கதை சற்று ஆறுதல் அளிப்பது. கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் 1993ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையத்தார் அதன் வளர்ப்பைத் தொடங்கினர். முறை மிக எளியது. வெற்றுச் சிப்பி ஓடுகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, மூங்கில் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுவர். மழைக்காலம் கழிந்து உப்பு ஏறும் நாட்களில், காயலில் திரியும் சிப்பிக் குஞ்சுகள் தாமே வந்து அவ்வோடுகளில் ஒட்டும். அடுத்த மழைக்கு முன், மே மாத வாக்கில் அறுவடை. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் பல இத்தொழிலை மேற்கொண்டு பயன் பெற்றுள்ளன.

இங்கே பெற்றோரைத் தேர்ந்தெடுப்பவர் யாரும் இல்லை. காயலே தேர்ந்தெடுக்கிறது. கயிற்றில் ஒட்டிய குஞ்சுகள் எத்தனையோ தாய்களின் பிள்ளைகள். ஆகவே அச்சிப்பிகளின் வேற்றுமைச் செல்வம் கரையாமல் நிற்க வழியுண்டு. ஆண்டுதோறும் நம் மலையிலிருந்து இறங்கும் தென்மேற்குப் பருவமழை வெள்ளம் கழிமுகத்தின் உப்பைக் கழுவிவிடும்போது, பாறையில் கிடக்கும் சிப்பிகளில் சில மடியும், சில தாங்கும். தாங்கியவையே அடுத்த ஆண்டின் கயிற்றுக்குக் குஞ்சு தருபவை. நம் முதிரப்புழையும் பெரியாறும் இவ்வாறு ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை நடத்துகின்றன. 2018ஆம் ஆண்டின் ஆகஸ்டு வெள்ளம் போன்ற கடும் பரீட்சையும் இடையிடையே வரும். பரீட்சை எழுதுவோர் பலதரப்பட்டவராக இருக்கும்வரை தேறுவோர் சிலரேனும் இருப்பர்.

தொழில் பெருகப் பெருக, இயற்கைக் குஞ்சு போதாமல் பொரிப்பகக் குஞ்சை நாடும் காலம் வரும். அது தவறன்று. அன்று என்ன முறையைக் கைக்கொள்ளுவோம் என்பதே முக்கியம்.

மலைக்கும் இதே நியாயம்

தோட்டத் தொழிலை நம்பி வாழும் நமக்கு இப்பாடம் புதிதன்று. இலங்கையில் 1869ஆம் ஆண்டில் காப்பி இலைத் துருநோய் தோன்றியது. உலகில் பயிரான அராபிகா காப்பி யாவும் மிகச் சில செடிகளின் வழி வந்தவை. எனவே எதிர்த்து நிற்கும் செடி அங்கே அரிதாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித் தொழில் படுத்தது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். காப்பியை நம்பிக் கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பட்ட பாட்டை யார் கணக்கெடுத்தார்? ஒரு செடியின் வம்சம் குறுகிப் போனதன் விலையை, அச்செடியின் பெயரைக்கூட எழுதப் படிக்க அறியாத குடும்பங்கள் செலுத்தின.

தேயிலையில் இன்று குளோன்கள் பல உண்டு. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டவற்றில் பாண்டியன், சுந்தரம், ஜெயராம் என நம்மவர் பெயர் தாங்கியவையும் இருக்கின்றன. ஒரு தோட்டத்தில் ஒரே குளோனை நடாமல் பலவற்றைப் பகுதி பகுதியாக நடுவதும், இரண்டு நல்ல குளோன்களைச் சேர்த்து எடுத்த விதையை நடுவதும் அறிவுடைய செயல். பழைய விதைத் தேயிலைக் காடுகள் விளைச்சலில் பிந்தியவையே. ஆயினும் புதிய குளோனுக்குரிய தாய்ச்செடியைத் தேடுவோர் அங்கேதான் போக வேண்டும்.

ஏலத்திலும் இவ்வாறே. இடுக்கி மாவட்டத்து விவசாயி செபாஸ்தியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி என்னும் ஏலவகை, விளைச்சலைப் பன்மடங்கு பெருக்கியது. ஒரு சாதாரண விவசாயி தம் கண்ணின் கூர்மையால் செய்த அரிய சாதனை இது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நாள்தோறும் ஜீப்பில் மலையேறி வரும் நம் சகோதரிகளின் கூலியிலும் அதன் பங்கு உண்டு. ஆயினும் இன்று ஏலமலையின் பெரும்பகுதி அந்த ஒரு வகையாகவே ஆகிவிட்டது. கன்றைப் பிரித்து நடுவதால் ஒவ்வொரு செடியும் தாயின் அச்சு. மலபார், மைசூர், வழுக்கை என்னும் பழைய வகைகள் ஒதுங்கிக்கொண்டே போகின்றன. பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் உள்ள ஏல ஆராய்ச்சி நிலையங்கள் பல்வகைச் செடிகளைத் திரட்டிப் பேணிவருவது நம் நல்வினை.

செய்யத்தக்கன

சிப்பியின் வம்சத்தைக் காக்க விஞ்ஞானிகள் கூறும் வழிகள் எளியவை. பெற்றோரைப் பலராகக் கொள்ளுதல்; எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலக்காமல் இணை இணையாகச் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஏறத்தாழச் சமமாகக் குஞ்சு எடுத்தல்; எது எதன் பிள்ளை எனக் குறிப்பேடு வைத்தல்; மரபணுச் சோதனையால் அக்குறிப்பைச் சரிபார்த்தல்; உடன்பிறப்புகளைச் சேர்க்காமை; ஒன்றுக்குப் பதில் பல வம்சங்களைத் தனித்தனியே வளர்த்தல்; சிப்பியின் விந்தை உறைகுளிரில் சேமித்தல். இவை எல்லாவற்றினும் மேலாக, எவரும் தேர்ந்தெடுக்காத சிப்பிகள் வாழும் கழிமுகங்களையும் பாறைகளையும் தூய்மையாக வைத்தல். தொட்டி எவ்வளவு சிறந்ததாயினும், வற்றிய வேளையில் நீர் மொள்ளக் கிணறு வேண்டும்.

இவற்றால் வளர்ச்சியின் வேகம் சிறிது குறையலாம். மிகச் சிறந்த இரண்டு சிப்பிகளை மட்டும் கொண்டு வளர்ப்பவன் முதற் சில ஆண்டுகளில் முந்துவான். ஐம்பது இணைகளைப் பேணுகிறவன் பிந்துவான். இருபதாம் ஆண்டில், அறியாத நோய் ஒன்று கரைக்கு வரும் நாளில், இருவரில் யாரிடம் சிப்பி இருக்கும் என்பதே கேள்வி.

வாசகர்களாகிய நாம் பொரிப்பகம் நடத்தப் போவதில்லை. ஆனால் நம் லயங்களின் பின்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு கொல்லை உண்டு. நம் பாட்டிமார் ஊரிலிருந்து வந்தபோது முந்தானையில் முடிந்து கொணர்ந்த அவரை, மொச்சை, கீரை, மிளகாய் விதைகள் இன்னும் சில வீடுகளில் தலைமுறையாக முளைத்து வருகின்றன. கடையில் வாங்கும் விதைப் பொட்டலம் வந்தபின் பல வீடுகளில் அவை நின்றுவிட்டன. எஞ்சியுள்ள வீட்டினர் அவற்றைக் கைவிட வேண்டா என வேண்டுகிறோம். வரும் பொங்கல் கூட்டத்திற்கு வருவோர் தம் வீட்டு விதையில் ஒரு பிடியைத் தாளில் மடித்து, எந்த ஊரிலிருந்து, யார் கையால் வந்தது என எழுதிக் கொணர்வாராக. ஒருவர் கொல்லையில் அற்றுப்போனாலும் மற்றொருவர் கொல்லையில் அது நிற்கும்.